நிலையும் கதவும்

செட்டிநாட்டு ஊர்களில் பழைய வீடொன்று பிரிக்கப்படுந்தோறும் முதலில் விலை பேசப்படுவது அதன் தலைவாயில் நிலையும் கதவுமே யென்பதை நம்மவர் யாவரும் அறிவர். பாட்டனார் வைத்த நிலை காரைக்குடிக் கடைவீதியில் சாத்திவைக்கப்பட்டுப் பின் எங்கோ ஒரு நகரத்து ஓட்டலின் சுவரை யலங்கரிக்கச் செல்கின்றது. விற்கப்படும் பொருள் இன்னதென்று அறியாமலே நம்மிற் பலர் அதனை விற்றுவிடுகின்றனர். ஆதலின் அதன் வரலாற்றையும் உறுப்புக்களையும், புதிதாக வீடெடுப்போர் கதவு தெரிந்துகொள்ள வேண்டிய முறையையும் ஈண்டுச் சுருக்கி யுரைப்பாம்.

தமிழர் வாயிலமைப்பு மிகப் பழமை வாய்ந்தது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-ல் அச்சிட்டு வெளியிட்ட பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரசன் கோயில் வாயிலை விரித்துரைக்கின்றது. பருத்த இரும்பாற் பிணித்துச் செவ்வரக்கு வழித்த இரட்டைக்கதவும், உத்தர நாளின் பெயரைத் தாங்கிய மேல்மரமும், கைவல் கம்மியன் இடைவெளி தோன்றாதபடி இறுகப் பொருத்திய இணைப்பும், வெண்சிறுகடுகும் நெய்யும் பூசிய நெடுநிலையும் அங்கே கூறப்பட்டுள்ளன. இன்று நாம் நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இடுவதும், மேல்மரத்தை உத்தரமென வழங்குவதும் அத் தொன்மையின் தொடர்ச்சியென்று கொள்ளத்தகும்.

இனி உறுப்புக்களைக் காண்போம். சுவரில் நிலைபெற்று நிற்கும் சட்டம் நிலை யெனப்படும். அதன் இருபுறத்து மரங்கள் நிலைக்கால்கள், மேலது உத்தரம், கீழது வாயிற்படி. நிலையைச் சார்ந்து இயங்குவது கதவு. பழங்கதவுகளின் ஓரத்தில் மேலும் கீழும் நீண்டிருக்கும் முளைக்குக் குடுமி யென்று பெயர். அது உத்தரத்திலும் படியிலும் குடைந்த குழிகளிற் சுழலும். பிற்காலத்தில் இரும்பு, பித்தளைக் கீல்கள் வந்தன. குடுமிக் கதவின் பாரம் படியின்மேல் இறங்கும்; கீற்கதவின் பாரமோ நிலைக்காலில் முடுக்கிய திருகாணிகளில் தொங்கும். கனத்த கதவு நூறாண்டு கழிந்தும் சாயாது நிற்பதற்கு முன்னதே துணைசெய்தது. உள்ளே தாழ்ப்பாளும், புறத்தே நாதாங்கியும் வளையமும், கதவின் முகத்திற் பித்தளைக் குமிழ்களும் அமைவன. உத்தரத்தின்மேல் வைக்கும் சித்திரப் பலகையில் யானைகள் நீராட்டும் திருமகளைச் செதுக்குவது நம்மவர்க்கு உவப்பான வழக்கம்.

இத்துணைப் பெருமரங்கள் மழை குறைந்த நமது நாட்டிற்கு எவ்வாறு வந்தன? 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றினர். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவிற் சந்தை பெருகியது. காடு திருத்தி நெல் விளைத்த பர்மிய உழவர்க்கு நம்மவர் கடன் கொடுத்தனர். அவ்வாறு ஈட்டிய பொருள் மரக்கலங்களிலும் நீராவிக் கப்பல்களிலும் தேக்காகவும் வந்திறங்கிற்று. இலங்கையிலிருந்து முதிரையும் வந்தது. பின்னர் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழவே, கடன் தீர்க்கவியலாத உழவர் நிலம் நம்மவர் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நம்மவர் நிலம் 1938-க்குள் 25 பங்காயிற்று. அது அந்நாட்டார் மனத்தில் விளைத்த கசப்பை நாம் மறைத்தல் நேர்மையன்று. 1942-ல் ஜப்பானியர் ரங்கூனுட் புகுந்தனர். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்று நிலவுடைமைச் சட்டம் இயற்றிற்று. நிலமும் பெட்டகமும் போயின. ஊரில் வைத்த நிலையும் கதவும் நின்றன. ஆகவே நம் கதவுகளில் நம் முன்னோர் முதலும், தச்சாசாரியார் கைத்திறனும், பர்மிய உழவர் வியர்வையும் ஒருங்கே உள்ளன.

தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை யுண்டு. அதனாற் கறையான் எளிதில் அண்டாது. வெயிலிலும் மழையிலும் சுருங்குதலும் விரிதலும் குறைவு. வெளிறான புறமரத்திற்கு அக்குணம் இல்லை. புதிதாக வாங்குவோர் பொன்னிறம் கலந்த பழுப்பு வைரமா, வெளுத்த புறமரமா வென்று அறுத்த முகத்தை நோக்குதல் வேண்டும். நன்குலராத மரத்திற் செய்த கதவு முதற் கோடையிலேயே பிளக்கும். சட்டங்கள் துளையும் கழுந்துமாய் இறுகியிருத்தலும், நடுப்பலகை காடியினுட் சற்றே அசைய இடம்பெற்றிருத்தலும் நன்று. ஈரத்தில் மரம் விரிய இடமின்றேல் பலகை வெடிக்கும். கனத்த கதவிற்கு மூன்று கீல்கள் வேண்டும். தலைவாயிலுக்கு வைரமரம் தகும். உள்ளறைகட்கு ஒட்டுப்பலகைக் கதவு போதும். குளியலறைக்கு நீர்படினும் ஊறாத பொருளே ஏற்றது. முதியோர் சக்கர நாற்காலியிற் செல்லும்படி உள்வாயில்கள் 3 அடிக்குக் குறையாத அகலமும், தடுக்காத தரையும் உடையனவாதல் நலம். இவற்றை யெல்லாம் மதியாது பூவேலையை மட்டும் கண்டு விலை கொடுப்பது பேதைமை.

பழைய கதவுடையோர் செய்யத்தக்கனவும் சில உள. நாள்தோறும் படியை நீரால் நனைத்தலாகாது. நிலைக்காலின் அடி அதனால் இற்றுப்போம். சுவர்மண் வழியே கறையான் ஏறுகின்றதா வென்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்தல் வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதியிலேயே பர்மா அரசினரும் அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தனர். உலகம் நம் வீடுகளை மதிக்கத் தொடங்கிய ஆண்டும், அவற்றின் மரம் வரும் வழி அடைபட்ட ஆண்டும் ஒன்றாயின. இனிப் போன கதவு போனதுதான்.

பங்காளிகள் பலராய்ப் பிரிந்து பல தேசங்களில் வாழுங்கால் வீட்டைக் காப்பது அரிதென்பதை யாம் அறியாதவரல்லேம். சுவர் இடிந்து வீடு பிரிப்பது தவிர்க்கவொண்ணாதாயின், நிலையையும் கதவையும் தனித்தனியே விலைக்கு விடாமல், பங்காளிகளில் புதுமனை எடுப்பவர் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். புதுச்சுவர் எழுப்புமுன்னரே பழைய நிலையின் நீள அகலங்களை அளந்து கொத்தனாரிடம் கொடுத்துவிட்டால் அது பொருந்தும். ஏற்பாரிலரேல் நகர விடுதிக்கோ, ஊர்ப் பள்ளிக்கோ அளிக்கலாம். அங்கே அதன் வழியாக நம் பிள்ளைகள் சென்று வருவர். விற்கத்தான் வேண்டுமெனினும், எவ்வூர், எவர் வீடு, எவ்வாண்டு வைத்தது என்பதை யெழுதிப் படமும் எடுத்துக் குடும்ப ஏட்டில் வைத்துவிட்டு, எல்லாப் பங்காளிகளும் ஒப்பிய பின்னரே விற்பதென்று ஒவ்வொரு வீட்டாரும் உறுதிகொள்வாராக.