காவல்பணி ஆய்வுகள்

காவல்பணி ஆய்வுகள் என்பது காவல்துறையினரின் பணி, அமைப்பு, அதிகாரம், பொதுமக்களுடனான உறவு ஆகியவை பற்றிச் சமூகவியல், குற்றவியல், அரசறிவியல், பொருளியல் முதலிய துறைகளில் மேற்கொள்ளப்படும் ஆய்வுகளைக் குறிக்கும். இலண்டன் மாநகரக் காவல்துறை 1829ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டபோதிலும், காவலர்களின் அன்றாடப் பணி கள ஆய்வுக்கு உட்பட்டது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஆகும். இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா முதலிய ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடைபெற்றவை. எனவே, அவற்றின் முடிவுகள் பிற நாடுகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பது இத்துறையின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகும்.

தொடக்ககால ஆய்வுகள்

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் வெஸ்ட்லி, காவலர்கள் தமக்குள் காக்கும் இரகசியத்தையும் வன்முறையை அவர்கள் நியாயப்படுத்தும் முறையையும் 1950களில் பதிவு செய்தார். பிரித்தானியரான மைக்கேல் பேன்டன் (1964), அமெரிக்கரான ஜெரோம் ஸ்கோல்னிக் (1966) ஆகியோரின் நூல்கள் இவ்வழியில் தொடர்ந்தன. சட்டத்தை எப்போது, யார்மீது செயற்படுத்துவது என்பதைப் பல வேளைகளில் களத்தில் உள்ள காவலரே முடிவு செய்கிறார் என்பதை இக்காலத்து ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன.

சோதனைமுறை ஆய்வுகள்

மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் நகரில் 1972 - 1973 காலப்பகுதியில் 15 ரோந்துப் பகுதிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவில் வழக்கமான ரோந்து நிறுத்தப்பட்டது. மற்றொன்றில் இரண்டு முதல் மூன்று மடங்காக்கப்பட்டது. மூன்றாவதில் மாற்றம் செய்யப்படவில்லை. குற்றங்களின் அளவிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மினியாப்பொலிசு நகரில் 1981 - 1982இல் குடும்ப வன்முறை தொடர்பான 314 நிகழ்வுகள் ஆராயப்பட்டன. கைது செய்யப்பட்டோர் மீண்டும் வன்முறையில் ஈடுபடுவது குறைவு என 1984இல் வெளியான கட்டுரை கூறியது. இதைத் தொடர்ந்து பல மாநிலங்கள் கைது நடவடிக்கையை ஊக்குவித்தன. ஆனால், பின்னர் வேறு நகரங்களில் நடந்த மறுஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. வேலையற்றோரிடையே கைதுக்குப் பின் வன்முறை கூடியதாகவும் சில ஆய்வுகள் காட்டின. ஓர் ஊரின் ஆய்வைக் கொண்டு கொள்கை வகுப்பதிலுள்ள இடருக்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

பிற்காலப் போக்குகள்

மினியாப்பொலிசில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளுள் ஏறத்தாழ பாதி, நகரின் 3 விழுக்காட்டு இடங்களிலிருந்தே வந்தன என 1989இல் கண்டறியப்பட்டது. இதன்பின் குற்றம் மிகுந்த சிறு இடங்களில் காவலைக் குவிக்கும் முறை பற்றிய ஆய்வுகள் பெருகின. நியாயமாக நடத்தப்படுவதாக உணரும் மக்கள் சட்டத்துக்குப் பணிய முற்படுவர் எனும் டாம் டைலரின் கருத்தும் (1990) செல்வாக்குப் பெற்றது.

இடைவெளிகள்

தரவுகள்: ஆய்வாளர்கள் பெரிதும் காவல்துறையின் சொந்தப் பதிவுகளையே சார்ந்துள்ளனர். பதிவாகாத குற்றமும் முறைகேடும் அவற்றில் இடம்பெறா. அமெரிக்காவில் காவலர்களால் கொல்லப்பட்டோரைப் பற்றிய முழுமையான அரசுத் தரவு இல்லாததால், 2015இல் நாளிதழ்களே அவர்களைக் கணக்கிடத் தொடங்கின.

பொருள்: ரோந்துப் பணியோடு ஒப்பிடுகையில் புலனாய்வு, சிற்றூர்க் காவல் ஆகியவை குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன.

இடம்: பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாக்கித்தான், பிலிப்பீன்சு, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் சமுதாயக் காவல் முறை சோதிக்கப்பட்டது. அது மக்களின் நம்பிக்கையைக் கூட்டவோ குற்றத்தைக் குறைக்கவோ இல்லை என 2021இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. மேலைநாடுகளில் புகழ்பெற்ற முறை பிற நாடுகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதை இது உணர்த்தியது.

இந்தியாவில்

டேவிட் பெய்லி 1969இல் வெளியிட்ட நூல், இந்தியக் காவல்துறை பற்றிய முன்னோடி ஆய்வாகும். காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் 1970இல் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டுப் பெண் காவலர்களைப் பற்றி மங்கை நடராசன் எழுதிய நூல் 2008இல் வெளிவந்தது. மத்தியப் பிரதேசத்தின் 180 காவல்நிலையங்களில் நடந்த ஆய்வு (2022), பெண்களுக்கான உதவி மையங்கள் அமைந்த நிலையங்களில் பெண்களின் புகார்கள் கூடுதலாகப் பதிவானதைக் காட்டியது. பதிவான குற்றங்களின் எண்ணிக்கை உயர்வது குற்றம் பெருகியதன் அடையாளமாகவே இருக்க வேண்டியதில்லை என்பதும் இதனால் புலப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

குற்றவியல்
சமுதாயக் காவல்
முதல் தகவல் அறிக்கை