மண்ணெண்ணெயில் ஓடிய காரும் மென்பொருள் கேட்ட வானும்

சில மாதங்களுக்கு முன்னர் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு வாடகை வான் ஒன்றிற் சென்றுகொண்டிருந்தேன். ஓமந்தையைத் தாண்டியதும் சாரதியின் முன்னாலிருந்த தட்டில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. சாரதித் தம்பியின் முகம் இருண்டுவிட்டது. "இது மூன்றாந்தரம் ஐயா. கொழும்பில காட்டினனான். புகைக்குழாய்க்குள்ள இருக்கிற கொன்வேட்டரை மாத்தவேணுமாம். அந்தக் காசுக்கு நான் எங்க போறது? லீசிங்கே இன்னும் முடியேல்லை" என்றார். மாங்குளத்தில் நிறுத்தித் தேநீர் அருந்திய பின்னர், கிளிநொச்சியில் தமக்குத் தெரிந்த கராஜ் ஒன்றிற்குப் போய்விட்டு வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கராஜின் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். பேச்சுக் கொடுத்தபோது, 1990களில் பத்திரிகைப் பணிக்காக நான் வன்னிக்குச் சென்ற காலத்து மனிதர் அவர் என்பது புரிந்தது.

அந்நாட்களை இன்றைய தலைமுறைக்கு விளக்குவது கடினம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் பெற்றோல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் ஆகியன வன்னிக்குள் தாராளமாக வரமுடியாதிருந்தது. கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவோடுதான். 1950களில் இறக்குமதியான ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்களே அப்போது கைகொடுத்தன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். வெண்புகை கண்ணை எரிக்கும். ஆனாலும் ஓடும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டில் பெருந்தொகையான மக்கள் வன்னிக்கு வந்தபோதும், மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் நோயாளரை ஏற்றிச்சென்ற வாகனங்களுள் இத்தகையன பல இருந்தன.

அன்றைய மெக்கானிக்கின் கருவிகள் காதும் மூக்கும் விரல்நுனியுமே. காபரேற்றர் ஒரு வெறும் உலோகத் துண்டு. அதனைக் கழற்றலாம், ஊதலாம், அராவலாம். அதற்குள் மறைவான எதுவும் இல்லை.

வெளியுலகில் அவ்வேளையில் வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. 1968இலேயே வொக்ஸ்வேகன் தனது கார்களில் மின்னணு எரிபொருள் உட்செலுத்தலைப் பொருத்தியிருந்தது. கலிபோர்னியா மாநிலம் தன் புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்த, 1988ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து கார்கள் தம் பழுதைத் தாமே கண்டறிய வேண்டுமென விதித்தது. 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே வகைச் செருகியும் ஒரே வகைப் பழுதுக்குறியீடுகளும் கட்டாயமாயின. அதே 1996இல் வன்னியிலே நாங்கள் பெற்றோலைத் துளித்துளியாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்கச் சிரிப்பும் வருகிறது, துக்கமும் வருகிறது.

2002இல் ஏ9 வீதி திறந்தபோது புதிய வாகனங்கள் கண்ணிற் பட்டன. 2006 ஓகஸ்ட் மாதம் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் முள்ளிவாய்க்காலைச் சுற்றி உழவு இயந்திரங்கள், லொறிகள், மோட்டார் சைக்கிள்கள் எனக் கைவிடப்பட்ட வாகனங்கள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததைப் பலரும் அறிவர். அதன் பின்னர் வந்தவை யப்பானில் ஓடிப் பழகிய வாகனங்கள். லீசிங் கடனும் அவற்றோடு கூடவே வந்தது.

கராஜ்காரரின் மருமகன் சுக்கானுக்குக் கீழே பதினாறு முனைச் செருகியில் சிறு கருவியைப் பொருத்தினார். பி0420 என்று வந்தது. முதலெழுத்து இயக்கத்தொகுதியைக் குறிக்கும்; பூச்சியம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைச் சொல்லும்; நான்கு புகைக்கட்டுப்பாட்டைக் குறிக்கும். புகையைச் சுத்திகரிக்கும் கொன்வேட்டர் சரிவர வேலை செய்யவில்லை என்பது பொருள். கொழும்பில் சொன்னதும் இதைத்தான்.

பெரியவர் அதனை ஏற்கவில்லை. புகைக்குழாயின் பொருத்துகளில் கசிவு உண்டா என்று கைவைத்துப் பார்த்தார். பின்பக்க உணரியின் அளவுகளை மருமகனை வாசிக்கச் சொன்னார். "இது சாகேல்லை. கொம்பியூட்டர்தான் கூடக் கத்துது" என்றார். கொன்வேட்டருக்கு முன்னும் பின்னுமுள்ள ஒட்சிசன் உணரிகளை ஒப்பிட்டுத்தான் கட்டுப்பாட்டுக்கூறு தீர்ப்பளிக்கிறது. அந்தத் தீர்ப்பின் எல்லையை எழுதிய மென்பொருளே பிழையாக இருந்தால், நல்ல பாகத்தையும் அது பழுது என்று சொல்லும். இது அதிசயமன்று. 2014 பெப்ரவரியில் ரொயோட்டா நிறுவனம் உலகெங்கும் சுமார் 19 இலட்சம் பிறியஸ் கார்களைத் திருப்பி அழைத்தபோது, திருத்தமென்று செய்ததே மென்பொருளை மாற்றுவதுதான். யப்பானில் பதிவான உரிமையாளருக்கு இத்தகைய அறிவித்தல் கடிதமாக வந்துசேரும். அதே வாகனம் கப்பலேறி ஒட்டுசுட்டானுக்கு வந்தபின், கடிதம் யாரைத் தேடி வரும்?

இவ்வானுக்கும் புதிய பதிப்பொன்று வந்திருந்தது. அதன் கோப்பைக் கொழும்பிலுள்ள ஒருவரிடமிருந்து இணையம் வழியாகப் பெற்றார்கள். எழுதும்போது மின்னழுத்தம் தளம்பினால் கட்டுப்பாட்டுக்கூறு செத்துப்போகலாம் என்பதால், மற்றொரு வாகனத்தின் பற்றறியைக் கழற்றிவந்து சேர்த்துக் கட்டினார்கள். அரை மணி நேரம் ஒருவரும் கதவைக்கூடத் தொடவில்லை. சாரதித் தம்பி வெளியே வேப்பமரத்தடியில் நின்று திரும்பிப் பார்க்காமலே இருந்தார்.

பின்னர் எஞ்சினை இயக்கியபோது விளக்கு எரியவில்லை. பெரியவர் அதனை நம்பிவிடவில்லை. பரந்தன் வரை தாமே ஓட்டிப் போய்வந்தார். திரும்பியதும் புகைக்குழாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். "இருநூறு மைல் ஓடிப்போட்டு வந்து திரும்பக் காட்டும். அதுக்குப் பிறகு காசு தாரும்" என்று சாரதியிடம் சொன்னார்.

நாங்கள் முல்லைத்தீவை அடையும்போது இருட்டிவிட்டது. வழிநெடுகத் தம்பியின் கண் வீதியில் பாதி, அந்தத் தட்டில் பாதி.