மன்றம்: கூரைக்குள் போன சொல்

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் ஒருவன் மதுரைக்கு வழி சொல்கிறான். கொடும்பை என்ற ஊரின் நீண்ட குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து பாதை சிவனின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பைதான் இன்றைய கொடும்பாளூர். திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டிச் சற்றே உள்ளே திரும்பினால், புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தச் சிற்றூர் வந்துவிடும். வழிகள் வந்து கூடிய இடம்தான் முதலில் இங்கே இருந்திருக்க வேண்டும். மாளிகையும் கோயிலும் பிறகு வந்தவை.

நான் தேடிப் போன சொல் மன்றம். நகரத்தில் எல்லோருக்குமான இடங்களை எப்படி அமைப்பது என்று கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் இன்று விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் பிளாசா வருகிறது, பார்க் வருகிறது, கம்யூனிட்டி ஹால் வருகிறது. மன்றம் மட்டும் வருவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் வாழும் ஒரு சொல், தான் பிறந்த வேலைக்கே அழைக்கப்படாமல் போனது எப்படி?

சங்கப் பாடல்களில் மன்றம் என்றால் கட்டடம் இல்லை. ஊர் நடுவே ஒரு வெளி, அதில் ஒரு மரம், மரத்தடியில் ஆட்கள். அவ்வளவுதான். மரம் வேம்பாக இருக்கலாம், வேங்கையாக இருக்கலாம், பலாவாகவும் இருக்கலாம். ஆய் அண்டிரனைப் பாடும் புறநானூற்றின் 128ஆம் பாட்டில் வருவது பலா. பரிசில் கேட்டு வந்த பாணர்கள் தங்கள் முழவை மன்றத்துப் பலாமரக் கிளையில் மாட்டிவிடுகிறார்கள். ஒரு மந்தி அதைப் பழமென்று எண்ணித் தட்டிப் பார்க்கிறது. வெளியூர் ஆள் கேள்வி கேட்பாரின்றித் தன் பொருளைத் தொங்கவிட்டு இளைப்பாறக்கூடிய இடம் மன்றம் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. ஒரு பொதுவிடத்தை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோலும் இதுதான்: பிற ஊர்க்காரர் அங்கே மூட்டையை இறக்கி வைக்கத் தயங்குகிறாரா?

மன்றத்துக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, பொதியில். பொதுவான இல் என்பதால் அந்தப் பெயர். அது கூரை உள்ளது. தெய்வம் உறைவதாக நம்பிய தூண் ஒன்று அதற்குள் நிற்கும்; அதைக் கந்து என்றார்கள். தரை மெழுகி விளக்கேற்றுவார்கள், நரைத்த முதியவர்கள் உட்கார்ந்து சூதாடுவார்கள். பகைவரால் அழிந்த நாட்டைக் காட்ட விரும்பிய மருதன் இளநாகனார், புறநானூற்றின் 52ஆம் பாட்டில், பாழடைந்த பொதியில் ஒன்றைக் காட்டுகிறார். தெய்வம் தூணைக் கைவிட்டுப் போய்விட்டது. கிழவர்கள் காய் உருட்டிக் குழிந்துபோன தரையில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. இடிந்த அரண்மனையைக் காட்டியிருக்கலாம். அவர் இதைத் தேர்ந்தார். ஒரு நாடு செத்ததற்கு அடையாளம் அதன் பொதுவிடம் செத்தது என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களைச் சொல்லும்போது சதுக்கம், சந்தி, மன்றம், பொதியில் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறது. நகரமைப்பின் நான்கு உறுப்புகள், நான்குக்கும் தனித்தனிப் பெயர். தெருக்கள் கூடும் சதுரமும் வழிகள் கூடும் முனையும் வேறு வேறு என்று பார்க்கும் கண் இருந்திருக்கிறது. புகாரைப் பாடிய இளங்கோ இன்னும் ஒரு படி போகிறார். வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம் என்று ஐந்து இடங்களை அவர் நகருக்குள் வைக்கிறார். முதலாவது, திருடியவன் சுமையோடு சுற்றிச் சுற்றி அகப்படும் வெட்டவெளி. இரண்டாவது, கூனும் குறளும் தொழுநோயரும் மூழ்கி நலம்பெறும் பொய்கை. மூன்றாவது, பித்தேறியவரும் நஞ்சுண்டவரும் சுற்றி வந்து தேறும் நெடுங்கல். நான்காவதில் ஒரு பூதம் பொய்ச்சாட்சி சொல்வோர் உள்ளிட்ட தீயோரைப் பிடித்து உண்ணும். அரசன் முறை தவறினால் வாய் திறவாமல் கண்ணீர் விடும் பாவை ஐந்தாவதில் நிற்கும். நம்பிக்கைகள்தாம், ஆனாலும் இந்த ஐந்தையும் நடத்தும் எண்ணத்தைக் கவனியுங்கள்: நோயாளி, பித்தர், ஏமாற்றப்பட்டவர், ஆட்சியால் வஞ்சிக்கப்பட்டவர் எல்லோருக்கும் நகரத்துக்குள் ஓர் இடம் உண்டு. அதே புகாரில், மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி இருந்தது. நெருங்கி நின்ற சோலை மரங்களின் அடிதான் அங்கே கடைகளுக்குக் கால்.

சொல்லின் வேருக்கு வருவோம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி மன்று, மன்றம், மந்தை மூன்றையும் ஒரே குடும்பத்தில் வைக்கிறது. தமிழ் 'ஒன்று' கன்னடத்தில் 'ஒந்து' ஆகிறதே, அப்படித்தான் மன்றும் உறவு மொழிகளில் 'மந்து' என்ற ஒலிக்குப் போகிறது. குடகில் ஊர்ப் பொதுவெளிக்கு இன்றும் மந்து என்றே பெயர். அறுவடை விழாவான புத்தரியில் கோலாட்டம் ஆடுவது அங்கேதான். நீலகிரியில் தொதவர் குடியிருப்பை மந்து என்கிறோம். ஆங்கிலேயர் வாயில் ஊட்டக்கமந்து ஆகி, இன்று உதகமண்டலம் என எழுதப்படும் ஊர்ப் பெயரின் வாலில் ஒட்டியிருப்பதும் அதுவே. தெலுங்கில் மந்த என்றால் கால்நடைக் கூட்டம்.

ஆக, மாடும் மனிதரும் மாலையில் வந்து கூடிய ஒரே வெளி இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆய்ச்சியர் குரவை ஆடிய களமும் எரு படிந்த மன்றம்தான். சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு விட்ட ஆடுகளைப் பொறுப்பேற்கும் இடையரை 'மன்றாடி' என்றே எழுதினார்கள். அவையில் விதித்த தண்டத்துக்கு 'மன்றுபாடு' என்று பெயர். மன்றத்தில் நின்று வழக்காடியதே 'மன்றாடுதல்' ஆனது. இப்போது அந்தச் சொல்லில் கெஞ்சல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வழக்கை எடுத்துச் சொல்லும் உரிமை எந்த நூற்றாண்டில் கெஞ்சலாகச் சுருங்கியது என்று யாராவது ஆராய்ந்தால் நல்லது.

சோழர் செப்பேடுகள் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, அதில் அடங்கியவற்றை நீளமாகப் பட்டியலிடும். மனை, தோட்டம், கன்று மேயும் தரிசு, குளம், கோட்டகம், புற்று என்று உடும்பு ஓடும் இடம், ஆமை தவழும் இடம் வரை போகும் அந்தப் பட்டியலில் மன்றும் ஓர் இனம். மன்று இல்லாமல் ஊர் என்ற கணக்கு முழுமை பெறவில்லை. கொடும்பையின் குளத்தைச் சொல்லும்போது இளங்கோ ஆளும் சொல்லும் இதே கோட்டகம்தான்.

கொடும்பாளூரில் இன்று காணக் கிடைப்பது மூவர் கோயில். இருக்குவேளிர் குடியின் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற மனைவியர் இருவர் பெயராலும் எழுப்பிய மூன்று விமானங்கள் அவை. வடக்கில் இருந்தது போய்விட்டது, அடித்தளம் மட்டும் இருக்கிறது. மற்ற இரண்டும் மேற்குப் பார்த்து நிற்கின்றன. விமானங்களின் அழகை எழுதியவர்கள் பலர். என்னைப் பிடித்து நிறுத்தியது அவற்றுக்கு முன்னால் கிடக்கும் வெறுந்தளம். மூன்று கருவறைக்கும் சேர்த்து ஒரே மகாமண்டபம் இருந்ததற்கான சுவடு அது. மூவருக்குத் தனித்தனியே கருவறை கட்டியவர்கள், வருகிறவர்கள் நிற்கும் இடத்தைப் பொதுவாக வைத்தார்கள்.

அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு, மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றையும், ஐம்பது துறவியருக்கு உணவளிக்கப் பதினோர் ஊர்களையும் கொடுத்ததைச் சொல்கிறது. இந்த ஊர் இடங்கழி நாயனாரின் ஊரும்கூட. அடியாருக்கு அமுது படைக்க, அரசரான அவரது களஞ்சியத்தில் நெல் திருடிப் பிடிபட்டான் ஒருவன். காரணம் கேட்டறிந்த இடங்கழியார், சிவனடியார்கள் வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம் என்று களஞ்சியத்தையே திறந்துவிட்டார் என்கிறது பெரியபுராணம். மணிக்கிராமம் என்ற வணிகக் குழு இங்கே இயங்கியது. மூன்று வழிகள் பிரியும் சந்தியில் இவை எல்லாம் சேர்ந்தது தற்செயலாக இருக்காது. ஆள் கூடும் இடத்தில்தான் மடமும் சரக்கும் சோறும் கூடும்.

பக்தி இயக்கம் வந்தபோது மன்று தில்லைக்குப் போனது. ஆடும் இறைவன் மன்றுளாடி ஆனான், அவன் ஆடும் மன்றுக்குப் பொன் கூரை வந்தது. மரத்தடி மன்றம் கூரைக்குள் போன முதல் பெரிய பயணம் இது என்பேன். அம்பலம் என்ற சொல்லும் கூடவே சென்றது. ஆனால் புதுக்கோட்டைச் சீமையில் அது ஊரிலும் தங்கிவிட்டது. ஊர்த் தலைவருக்கு அம்பலகாரர் என்று பெயர். மறைத்தது வெளிப்பட்டால் 'அம்பலமாயிற்று' என்கிறோம். வெளியில் வைத்துப் பேசினால் உண்மை தெரியும் என்ற பழைய நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

இரண்டாவது பயணம் நம் காலத்தில் நடந்தது. சபை என்ற வடசொல்லுக்கு மாற்றுத் தேடியபோது மன்றம் கிடைத்தது. சட்டமன்றம், நீதிமன்றம், நகர்மன்றம், மாமன்றம், ஊராட்சி மன்றம் எல்லாம் வந்தன. சொல்லுக்கு இதைவிட உயர்ந்த பதவி இருக்க முடியாது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் கதவு உண்டு, வாசலில் காவலர் உண்டு, உள்ளே போக அனுமதி வேண்டும். தெருமுனைப் படிப்பகத்தோடு ஒட்டி நின்ற இளைஞர் மன்றங்கள் மட்டும் கொஞ்ச காலம் பழைய பொருளைக் காப்பாற்றின. ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, நாளிதழ், ஒரு கேரம் பலகை. நிறைய பேர் உலக அரசியல் கற்றது அங்கேதான்.

கூரைக்குள் போன சொல் விட்டுச்சென்ற வெளிக்கு மக்கள் மந்தை என்ற பழைய உறவையே வைத்துக்கொண்டார்கள். புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் பக்கம் "மந்தையில வச்சுப் பேசிக்கலாம்" என்றால் அது ஊரறியப் பேசுவது. மந்தையம்மன் இருக்கிறாள். வருவாய்க் கணக்கில் 'மந்தைவெளிப் புறம்போக்கு' என்று ஒரு வகையே உண்டு. சென்னையில் பறக்கும் ரயில் நின்று போகும் மந்தைவெளியும் ஒரு காலத்தில் மாடுகள் கூடிய வெளிதான். இன்று பெயர்ப் பலகையில் வெளி இருக்கிறது, தரையில் தேட வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மந்தை எல்லோருக்குமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். பல ஊர்களில் தலித் மக்கள் மந்தைத் திண்ணையில் உட்கார முடியாது, செருப்போடு நடக்க முடியாது, பஞ்சாயத்தில் கைகட்டித் தள்ளி நிற்க வேண்டும். பெண்கள் ஓரமாக நடந்து கடந்தார்கள். இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பட்டியலின மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. ஒரு குடிநீர்த் தொட்டியே பொதுவாக நிற்க முடியாத மண்ணில், மரமும் மேடையும் கட்டினால் பொதுவிடம் வந்துவிடும் என்று வரைபடம் போடுகிறவர் நினைக்கக் கூடாது. பழைய மன்றத்தை அப்படியே மீட்பது என் விருப்பம் இல்லை. பாணர் முழவு மாட்டிய மரம் வேண்டும். அந்த மரத்தடியில் யார் உட்காரலாம் என்று சாதி முடிவு செய்த வழக்கம் வேண்டாம்.

நகரங்களில் முயற்சிகள் நடக்கத்தான் செய்கின்றன. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி ஒதுக்கிய நிலம் பல இடங்களில் கம்பிவேலியும் பூட்டுமாக, காலையும் மாலையும் மட்டும் திறக்கும் பூங்கா ஆகிறது. கட்டடத் தொழிலாளி நண்பகலில் சோற்று டப்பாவைத் திறக்க நிழல் தேடும்போது அது மூடியிருக்கும். பூட்டு மாட்டிய இடத்தைப் பூங்கா எனலாம், மன்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2011 ஜனவரி 28 அன்று, பஞ்சாப் வழக்கு ஒன்றில், ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்றி நிலத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தீர்ப்பு இருக்கிறது. எந்த நிலம் என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். அதில் மந்தைவெளி என்று ஒரு வரி இருந்தால், அதன் புல எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மாலையில் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் ஆளுக்கொருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.