வெற்று விதியின் இருப்பிடம்: பகுப்பி ஆக்கிகளின் வரலாற்றில் ஒரு சிக்கல்

நிரலில் பிழை இருந்தால் அது எந்த வரியில், எத்தனையாவது எழுத்தில் உள்ளது என்று தொகுப்பி சரியாகச் சுட்ட வேண்டும். தவறான வரியைக் காட்டினால், நிரலர் பிழையே இல்லாத இடத்தில் மணிக்கணக்காகத் தேடுவார்.

பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 'யாக்' என்னும் பகுப்பி ஆக்கியைப் பற்றிய அறிக்கையை 1975இல் வெளியிட்டார். இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால், அவற்றின்படி பகுத்துப் பார்க்கும் நிரலை அது ஆக்கித் தரும். ஆனால் சொற்களின் இருப்பிடத்தைக் குறித்து வைக்கும் வசதி அதில் இல்லை. ராபர்ட் கார்பெட் எழுதி, ரிச்சர்ட் ஸ்டால்மன் யாக்குடன் ஒத்துப்போகும்படி மாற்றிய 'பைசன்' பின்னர் அவ்வசதியைத் தந்தது.

அதன் கணக்கு எளிது. விதியின் முதல் உறுப்பு தொடங்கும் இடமே விதியின் தொடக்கம். கடைசி உறுப்பு முடியும் இடமே அதன் முடிவு. உறுப்பே இல்லாத வெற்று விதிக்கு என்ன செய்வது? 'வந்தேன்' என்ற தொடரில் தோன்றா எழுவாய் எந்த இடத்தில் இருக்கிறது என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. பகுப்பிக்கோ விடை தேவை.

பைசனின் பழைய பதிப்புகள் அடுத்த சொல்லின் தொடக்கத்தை வெற்று விதியின் தொடக்கமாகவும், முந்தைய சொல்லின் முடிவை அதன் முடிவாகவும் எடுத்துக்கொண்டன. முந்தைய சொல் 10ஆம் இடத்தில் முடிந்து, அடுத்தது 15இல் தொடங்கினால், வெற்று விதி 15இல் தொடங்கி 10இல் முடியும்! அடுத்த சொல்லைப் படிக்காமலேயே விதியைச் சுருக்கும் தருணங்களும் உண்டு என்பதால், அந்தத் தொடக்கத்தையும் நம்ப முடியாது. பிற்காலப் பதிப்புகளில் தொடக்கம், முடிவு இரண்டும் முந்தைய உறுப்பின் முடிவிலேயே வைக்கப்பட்டன. அந்த உறுப்பு ஏற்கெனவே அடுக்கில் இருப்பதால், என் பார்வையில் இதுவே நியாயமான தேர்வு.

இதிலும் ஒரு குறை உண்டு. ஒரு செயற்கூற்றின் முதல் உறுப்பு விருப்பத்திற்குரியதாக இருந்து, எழுதப்படாமல் விடப்பட்டால், அச்செயற்கூறு முந்தைய செயற்கூற்றின் மூடும் அடைப்புக்குறியிலேயே தொடங்கிவிட்டதாகப் பதிவாகும். இடையில் பத்து வரிக் குறிப்புரை இருந்தால் அதுவும் உள்ளே சேர்ந்துவிடும். ஓகேமல் மொழிக்கான 'மென்ஹிர்' வெற்று உறுப்புகளைத் தாண்டி, முதலில் வரும் வெறுமையல்லாத உறுப்பின் தொடக்கத்தைக் கேட்டுப் பெறத் தனிக் குறியீடு வைத்திருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பல காலம் வேறு வழியைப் பின்பற்றியது. தொடக்கத்தை மட்டும் குறித்து, வெற்று விதிக்கு -1 என்று எழுதிவிடும். 'இடம் தெரியாது' என்பது அதன் பொருள். நேர்மையான விடைதான். ஆனால் வெறுமையில் தொடங்கி வளரும் பட்டியல்களில், எத்தனை உறுப்புகள் சேர்ந்தாலும் அந்த -1 தொற்றிக்கொண்டே வரும். எனவே இடம் தேவைப்பட்ட பட்டியல்களில், இடம் சுழிக்குக் குறைவாக இருந்தால் இரண்டாம் உறுப்பின் இடத்தை எடுத்துக்கொள் என்று கையால் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.

2013இல் வெளியான பைசன் 3.0, வெற்று விதியை வெளிப்படையாக அறிவிக்க 'எம்ப்டி' என்ற குறிச்சொல்லைக் கொண்டுவந்தது. அதுவரை நிரலர்கள் அவ்விடத்தில் ஒரு குறிப்புரையைத்தான் எழுதிவைத்தார்கள்.