சேத்துக்கு ஒரு டயர், ரோட்டுக்கு ஒரு டயர்

புனேயில் நம்மவர்கள் இருக்கும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கைப் பார்த்தாலே காலம் மாறியது தெரியும். சான்ட்ரோவும் வேகனாரும் நின்ற இடத்தில் இப்போது தார், ஸ்கார்ப்பியோ. வார நாட்களில் ஹிஞ்சவாடி நெரிசலில் ஊர்ந்து, மழைக்காலத்தில் சனி ஞாயிறு லோணாவளா, தாம்ஹிணி காட் பக்கம் சேற்றை மிதித்து, பொங்கலோ மே மாத லீவோ வந்தால் குடும்பத்தோடு மதுரை, நெல்லை என்று 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டிகள். ஒரே வண்டிதான், வேலை மூன்று. டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய நேரத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். "அண்ணாச்சி, பெரிய பட்டன் வெச்ச மட் டெரெய்ன் போட்டா கெத்தா இருக்கும்லா?" என்று போன மாதம்கூட ஒரு நெல்லை நண்பர் கேட்டார்.

கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெரிய பட்டன் எந்த மண்ணுக்காகப் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு காசு கொடுப்பது நல்லது. கொஞ்சம் பழைய கதை பேசலாம், வாருங்கள்.

ஆதி காலத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் ஒழுகாது, குளிரில் உடையாது என்று சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839-இல் கண்டுபிடித்தார். அதன் பெயர் வல்கனைசேஷன். நம் ஊர் பஞ்சர் கடை போர்டுகளில் இருக்கிற 'வல்கனைசிங் ஒர்க்ஸ்' இதுதான். (குட்இயர் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் 1860-இல் இறந்துபோனார், கம்பெனி வந்தது 1898-இல்!) காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காப்புரிமை வாங்கினார். அப்போது அதை மாட்ட சைக்கிளும் இல்லை, காரும் இல்லை, எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்ததுதான் நிலைத்தது.

நம் கதை தொடங்குவது இரண்டாம் உலகப் போரில், வில்லிஸ் ஜீப்பில்.

ஜீப்புக்குப் போட்ட டயர் 6.00-16. ஒல்லியானது, உயரமானது. குறுக்கே கட்டை கட்டையாக ரப்பர், நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. டிராக்டர் டயர் போல அம்புக்குறி வடிவம் கிடையாது. முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே பிடி. சேற்றில் மாட்டிய ஜீப்பை ரிவர்ஸ் எடுக்க வேண்டுமே! எந்தச் சக்கரத்தில் எப்படி வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம் என்பதும் போர்க்களத்தில் பெரிய வசதி. தடத்தைப் பார்த்து வண்டி எந்தப் பக்கம் போனது என்று எதிரி கண்டுபிடிக்க முடியாது என்றும் ஒரு கதை உண்டு. உண்மையோ என்னவோ, கேட்க நன்றாக இருக்கிறது.

அந்த டயரை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று, மழையில் நனைந்த தார் ரோட்டில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் போடுவது. தார் ரோட்டில் பிடிப்பு என்பது ரோட்டைத் தொடுகிற ரப்பரின் அளவையும், இடையில் இருக்கும் தண்ணீரை வெட்டி வெளியே தள்ளும் நுண்ணிய கீறல்களையும் பொறுத்தது. கட்டைப் பட்டன் டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு, கீறல் கிட்டத்தட்ட இல்லை. சேற்றில் கடவுள், ஈரத் தாரில் சறுக்கு மரம்.

அதே காலத்தில் இன்னொருவர் டயரை மாற்றாமல் காற்றை மாற்றிக் காரியம் சாதித்தார். ரால்ஃப் பேக்னால்ட், பிரிட்டிஷ் ராணுவ என்ஜினியர். லிபியப் பாலைவனத்துக்குள் சாதாரண ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு போனவர். டயரில் காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணலுக்கு மேல் மிதக்கும் என்பதை நடைமுறையில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 1940-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகப் பாலைவனப் படை ஒன்றை அமைத்தது அவர்தான். 1941-இல் மணல்மேடுகளின் இயற்பியல் பற்றி அவர் எழுதிய புத்தகம் இன்றும் பாடம். ஜெய்சல்மேர் மணலில் ஜீப் சஃபாரி கூட்டிப்போகும் பையன் டயர் வால்வை அமுக்கி 'புஸ்ஸ்' என்று காற்றை இறக்குகிறானே, அது பேக்னால்ட் வித்தை.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலை 1936-இல் டன்லப் கம்பெனி வங்காளத்தில் சாஹாகஞ்ச் என்ற ஊரில் கட்டியது. நாற்பதுகளின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. சென்னை திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்து கொண்டிருந்த மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப்., ரீட்ரெடிங் ரப்பருக்கு மாறி, 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு சேர்ந்து டயரில் இறங்கியது. பலூனும் டயரும் ஒரே தத்துவம்தானே :-)

ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை இந்தியாவில் ஜீப் வாங்கியவர் யார்? பெரும்பாலும் சர்க்கார். தாசில்தார், பி.டி.ஓ., ஃபாரஸ்ட் ரேஞ்சர், போலீஸ், மின்வாரியம். எந்த டயர் என்று தேர்ந்தெடுக்கிற கேள்வியே கிடையாது. டெண்டரில் என்ன இருக்கிறதோ அது. ராணுவ மாதிரிக் கட்டைப் பட்டன், 6.00-16, உள்ளே ட்யூப். ரோடும் அப்படித்தான், வேகமும் அப்படித்தான். 50 கிலோமீட்டர் வேகத்தில் தகரம் அதிரப் போன ஜீப்புக்கு அது பொருத்தமான டயர், குறை சொல்ல முடியாது. 1985-இல் மாருதி ஜிப்ஸி வந்தபோதுகூட அதன் டயர் அளவு எஃப்78-15, அதாவது பழைய நைலான் டயர்தான்.

நைலான் என்றேன். கடைக்காரர் 'நைலானா, ரேடியலா' என்று கேட்பதன் அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறேன். டயருக்குள் ரப்பரைத் தாங்கும் நூல் அடுக்குகள் இருக்கின்றன. பழைய டயரில் அவை கூடை முடைந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் போகும். சைடு வால் அசைந்தால் ரோட்டைத் தொடும் பட்டன் பகுதியும் சேர்ந்து நெளியும், உரசும், சூடாகும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், பட்டனுக்குக் கீழே தனியாக எஃகுப் பட்டை சுற்றியிருக்கும். சைடு வால் பள்ளத்தை வாங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு வளையும், எஃகுப் பட்டை பட்டனை ரோட்டோடு தட்டையாக வைத்திருக்கும். சூடு குறைவு, ஆயுள் அதிகம், பெட்ரோல் மிச்சம். பிரான்சின் மிஷலின் 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் ஜே.கே. டயர் 1977-இல் ரேடியலைக் கொண்டுவந்தது. ஆனால் அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய நாட்டில் அது பரவலாக ரொம்ப வருஷம் ஆனது.

ரேடியலின் சைடு வால் மெல்லியது, கல்லில் கிழியும், காட்டுக்கு லாயக்கில்லை என்பது அன்றைய நம்பிக்கை. 1976-இல் பி.எஃப்.குட்ரிச் காட்டுக்கும் ரோட்டுக்கும் சேர்த்து ஒரு ரேடியலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மெக்சிகோவின் பாஹா பாலைவன ரேஸில் ஓட்டி ஓட்டி அந்த நம்பிக்கையை உடைத்தது. 'ஆல் டெரெய்ன்' என்ற பெயர் பிரபலமானது அதிலிருந்துதான். நாம் சுருக்கமாக ஏ/டி என்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா. ஓரங்களில் கட்டைப் பட்டன், நடுவில் நெருக்கமான பட்டன், அதில் கீறல்கள். சேற்றிலும் பாதி, தாரிலும் பாதி. சமரசம்தான், ஆனால் யோசித்துச் செய்த சமரசம்.

இங்கே டாடா சுமோ 1994-இல் வந்தது, சஃபாரி 1998-இல். சஃபாரியின் டயர் அளவு 235/75 ஆர் 15. ஜீப் வர்க்கத்து வண்டியை முதல்முறையாகக் குடும்பஸ்தர்கள் வாங்கினார்கள். கொஞ்ச நாளில் தங்க நாற்கரச் சாலை வந்தது. பெங்களூர் போகும் பழைய என்.எச்.4 (இப்போது 48) நாலு வழியானது. தாசில்தார் ஜீப் 50-இல் போன நாட்டில், அதே உயரமான வண்டி ஏழு பேரோடும் கூரை மேல் மூட்டையோடும் 110-இல் போக ஆரம்பித்தது.

சஃபாரியின் அதே டயர் அளவில்தான் அமெரிக்காவில் ஒரு பெரிய துயரம் நடந்தது. எஸ்.யு.வி. வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் இது.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். 1990-இல் வந்து அமெரிக்கக் குடும்பங்களின் செல்லப்பிள்ளையானது. அதற்கு ஃபயர்ஸ்டோன் டயர், ஏ.டி.எக்ஸ்., பிறகு வில்டர்னெஸ் ஏ.டி. பெயரில்தான் வனாந்தரம், வண்டிகள் போனதோ பள்ளிக்கூடத்துக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் லீவில் பாட்டி வீட்டுக்கும். 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகர டி.வி. நிலையம் ஒன்று விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. வேகமாகப் போகும்போது டயரின் மேல்பட்டை உள்பட்டையிலிருந்து உரிந்து பிய்ந்துவிடுகிறது. உயரமான வண்டி, டிரைவர் பதறி ஸ்டியரிங்கை ஒடித்தால் உருண்டுவிடுகிறது. டெக்ஸாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா என்று வெயில் மாநிலங்களில்தான் அதிகம். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். இந்த டயர்களோடு தொடர்புடையதாக அமெரிக்க அரசு கணக்கிட்ட மரணங்கள் 271.

யார் குற்றம்? ஃபோர்டு டயரைச் சொன்னது, ஃபயர்ஸ்டோன் வண்டியைச் சொன்னது. ஃபோர்டு சிபாரிசு செய்த காற்று 26 பி.எஸ்.ஐ.; ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. டயரின் எஃகுப் பட்டை ஓரத்தில் குறை இருந்தது என்று அரசு விசாரணை 2001-இல் முடிவு சொன்னது. காற்று குறைந்தால் சைடு வால் அதிகமாக மடங்கும், மடங்கினால் சூடு, சுமை ஏறினால் இன்னும் சூடு, வேகமும் வெயிலும் அதோடு சேரும். குறையுள்ள டயருக்கு இந்த நாலும் ஒன்றுசேர்ந்தால் எமன். 1906-இலிருந்து இருந்த ஃபோர்டு-ஃபயர்ஸ்டோன் உறவு 2001 மே மாதத்தோடு முறிந்தது. அப்போது ஃபோர்டின் சேர்மனாக இருந்த பில் ஃபோர்டுக்கு ஹென்றி ஃபோர்டும் கொள்ளுத்தாத்தா, ஹார்வி ஃபயர்ஸ்டோனும் கொள்ளுத்தாத்தா! சம்பந்தி வீட்டுச் சண்டை வீதிக்கு வந்த கதை.

அந்த விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்கா போட்ட சட்டத்தால்தான் டயரில் காற்று குறைந்தால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும் ஏற்பாடு அங்கே கட்டாயமானது. இப்போது நம் ஊர் வண்டிகள் பலவற்றிலும் வருகிறது. அது எரிந்தால் 'சென்சார் கோளாறு சார்' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல் இறங்கிப் பாருங்கள்.

இதையெல்லாம் நெல்லை நண்பரிடம் சொல்லிவிட்டு அவர் கணக்கைக் கேட்டேன். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர். அதில் சேறு எவ்வளவு? யோசித்து, "ஒரு இருநூறு இருக்கும்லா" என்றார். மிச்சமெல்லாம் தார், அதில் பாதி மழையில் காட் ரோடு, பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். அந்த இருநூறுக்காக மிச்சம் 14,800-இல் பிரேக் பிடிப்பை விட்டுக்கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மட் டெரெய்ன் போட வேண்டியவர், ஊருக்குப் போக வேறு கார் வைத்திருப்பவர். மாதா மாதம் மண் பாதையில் போகிறவருக்கு நெருக்கமான பட்டன் உள்ள ஏ/டி போதும். மற்றவர்களுக்கு ஹைவே டெரெய்ன், அதாவது எச்/டி. பார்க்கக் கெத்து கம்மிதான், இரைச்சலும் கம்மி. சேற்றிலும் மணலிலும் மாட்டாமல் இருக்க பேக்னால்ட் வித்தை இருக்கிறது, 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி மெதுவாகப் போகலாம். ஆனால் தார் ரோட்டில் ஏறுமுன் காற்றைத் திரும்ப அடித்தே ஆக வேண்டும். சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்ன கம்ப்ரெஸர் ஒன்று வண்டியில் கிடக்கட்டும்.

எந்த டயர் வாங்கினாலும் சுமை எண்ணைப் பாருங்கள், கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. 105 என்றால் ஒரு டயர் 925 கிலோ தாங்கும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். முழுச் சுமைக்குத் தனி எண் போட்டிருப்பார்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் அதுதான் கணக்கு, அதுவும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. சைடு வாலில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. கடையில் இதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அப்படியே ஸ்டெப்னியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். "ஓடவே இல்ல சார், பட்டன் புதுசு மாதிரி இருக்கு" என்பார் கடைக்காரர். பின்கதவில் தொங்கிக்கொண்டு எட்டு வருஷ வெயில் காய்ந்த டயராக இருக்கும்.