மண்ணோடு பிறந்த பின் மோட்டார்

பழைய மண் டிராக்குகளில் ஆர்சி எனப்படும் ரிமோட் கார் ஓட்டியவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. இப்போது வரும் கார்கள் தாமாகவே வளைவில் திரும்பிவிடுகின்றன, முன்பெல்லாம் நாம்தான் திருப்ப வேண்டியிருந்தது என்பார்கள். பின் அச்சுக்கும் பின்னால் மோட்டார் தொங்கிக்கொண்டிருந்த காலத்தைச் சொல்கிறார்கள். அந்த மோட்டார் வந்த வழியைப் பார்த்தால் இந்தப் புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

வந்த வழி ஃபோக்ஸ்வேகன் பீட்டில். அதற்கு இஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயங்களுக்காக அந்தக் காரின் முன்னும் பின்னும் தகட்டை வெட்டி, உயரத்தைக் கூட்டி, பெரிய டயர் மாட்டினார்கள். இஞ்சினின் எடை முழுக்கப் பின் சக்கரங்களின் மேல் இருந்ததால் மணலில் அவற்றுக்குப் பிடி கிடைத்தது. 1979-ல் ஜப்பானின் டாமியா அதைப் பத்தில் ஒரு பங்கு அளவில் ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ என்று செய்தபோது மோட்டாரையும் பின்னால்தான் வைத்தது. 1983-ல் வந்த ஃபிராக், அடுத்த ஆண்டு வந்த கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் எல்லாம் அதே குடும்பம்.

சென்னைப் பல்லாவரத்துக்காரருக்கு இதை விளக்கப் பாலைவனம் தேவையில்லை, ஜி.எஸ்.டி. சாலை ஆட்டோ போதும். பஜாஜ் தன் பின் இஞ்சின் ஆட்டோவைக் கொண்டுவந்தது 1977-ல். மழைக்காலச் சேற்றில் சவாரி இல்லாத ஆட்டோகூடத் திணறிக் கிளம்பி வந்துவிடுகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் அந்த எடையும் ஒரு காரணம்.

1984-ல் ஆர்சி10 வந்தது. கலிஃபோர்னியாவின் அசோசியேட்டட் எலக்ட்ரிக்ஸ் நிறுவனத்துக்காக ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த கார். டாமியா விற்றது அழகான பொம்மை. இது பந்தயத்துக்கென்றே செய்த இயந்திரம். தங்க நிறம் ஏற்றிய அலுமினிய சேசிஸ், தொட்டி போலக் குழிந்து, மூக்குப் பக்கம் மேலே வளைந்திருக்கும். நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர், வெள்ளை நைலான் கைகள், நடுவில் ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி, கடைசியில் கியர்பாக்ஸும் 540 மோட்டாரும். மறு ஆண்டே டெல் மாரில் நடந்த உலகப் போட்டியில் ஜே ஹால்சி இதை ஓட்டிப் பின்சக்கர இயக்கப் பிரிவில் வென்றார். 1991-ல் கிளிஃப் லெட், 1993-ல் பிரையன் கின்வால்ட் வென்றதும் இதன் வழிவந்த கார்களில்தான். இடையில் சேசிஸ் கிராஃபைட் ஆனது, கியர்பாக்ஸில் ஆறு பல்சக்கரம் மூன்றானது. மோட்டார் மட்டும் நகரவில்லை.

இந்தக் காரை ஓட்டுவது தனி வித்தை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எடை பின்னுக்குப் போய் முன் சக்கரம் தரையைப் பேருக்குத் தொடும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் அகலமாக வெளியேதான் போகும். அதனால் வளைவுக்கு முன்பே லேசாக பிரேக். எடை முன்னால் வந்து முன் டயர் கவ்வும், உடனே பின்புறம் வெளியே வீசப் பார்க்கும். அது முழுதாக வீசுவதற்குள் மறுபடி ஆக்சிலேட்டர். ஒரு நொடி பிந்தினால் கார் பின்பக்கமாகத் திரும்பி நிற்கும். பின்னால் வந்தவர்கள் எல்லாம் கடந்து போவார்கள். ஓட்டுபவரின் விரலுக்கு அங்கே நிஜமான வேலை இருந்தது.

பிறகு தரை மாறியது. கிளப்புகள் உள்ளரங்குக்குப் போயின. கார்பெட், செயற்கைப் புல், ஈரம் பூசி இறுக்கிய களிமண் என்று டயர் ஒட்டிக்கொள்ளும் பரப்புகள் வந்தன. லித்தியம் பாலிமர் பேட்டரி எடையைக் குறைத்தது, பிரஷ்லெஸ் மோட்டார் வேகத்தைக் கூட்டியது. பின் சக்கரத்துக்குப் பிடி கிடைப்பது பிரச்சினையே இல்லை என்றான பிறகு, பின்னால் தொங்கும் எடை வெறும் சுமை. 2011-ல் வந்த டிஎல்ஆர் 22 காரில் மோட்டாரைப் பின்னாலும் மாட்டலாம், அச்சுக்கு முன்னாலும் மாட்டலாம். 2014-ல் அசோசியேட்டட் பி5, பி5எம் என்று இரண்டு கார்களாகவே விற்றது: முன்னதில் மோட்டார் பின்னால், மற்றதில் நடுவில். அடுத்த ஆண்டு ஜப்பானின் யதாபேயில் ஸ்பென்சர் ரிவ்கின் உலகப் பட்டம் வென்றது நடு மோட்டார் காரில். அதோடு வாதம் ஏறக்குறைய முடிந்தது.

ஏறக்குறைய என்றேன். பல்லாவரத்து மண்ணை நினைத்துத்தான். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கோடரியைக் கண்டெடுத்தது இந்த ஊர்ச் செம்புறைச் சரளையில். கோடரியைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், எனக்கு வேண்டியது சரளை. அடியில் கெட்டித் தரை, மேலே உருளும் சிறு கற்கள், கோடையில் தூசி. நடு மோட்டார் கார் இதில் பின் சக்கரம் சுழல நின்ற இடத்திலேயே மண்ணைக் கிளறும். ஆர்சி10 கிளம்பிப் போய்விடும். கீழே கிடக்கும் மண் என்னவென்று கேட்காமல் எந்த வடிவமைப்பையும் பழையது, காலாவதியானது என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பின் மோட்டார் அழிந்துவிடவும் இல்லை. இங்கே வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே மலிவான ரிமோட் கார் ஏதாவது கிடைத்தால் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பின் அச்சோடு ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கும். செய்வதற்குச் சுலபம், செலவு குறைவு, அவ்வளவுதான் காரணம்.

பந்தயக் காரும் திரும்பி வந்தது. டாமியா ஃபிராக்கையும் கிராஸ்ஹாப்பரையும் மறுபடி வெளியிட்டது. அசோசியேட்டட் 2013-ல் தங்க நிற சேசிஸோடு ‘ஆர்சி10 கிளாசிக்’ விற்றது. வாங்கியவர்களில் பலர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள்; அது அவர்கள் இஷ்டம். கார்பெட்டில் ஓட்டிவிட்டுப் பின்புறம் வீசுகிறது என்று முகம் சுளிப்பவர்கள்தான் எனக்குப் புரியாதவர்கள். முள் டயரை மாட்டி, திறந்த மைதானத்தில் சரளை மேல் விட்டுப் பார்க்கட்டும். முதல் பேட்டரி தீரும் வரை பிரேக் பழகுவதிலேயே போய்விடும், இரண்டாவதில்தான் கார் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கும்.