வக்கீல் சன்னது: வ.உ.சி. இழந்ததும் மீண்டும் பெற்றதும்

வக்கீல் சன்னது என்பது நீதிமன்றத்தில் பிறருக்காக வாதாடுவதற்கு வழங்கப்பட்ட உரிமம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உயர் நீதிமன்றங்கள் இதை வழங்கின. நடத்தை தவறியவர்களிடமிருந்து பறிக்கவும் செய்தன. அரசநிந்தனை வழக்கில் 1908-இல் தண்டிக்கப்பட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளை (செப்டம்பர் 5, 1872 – நவம்பர் 18, 1936) இவ்வாறு சன்னதை இழந்தார். விடுதலையான பிறகும் நெடுங்காலம் அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்தபின் அவர் தொழில் நடத்திய ஊர் கரிசல் பூமியின் கோவில்பட்டி. ஒருவரின் தொழில் உரிமத்தைப் பறிக்குமுன் அவர் தரப்பைக் கேட்கவேண்டும் என்னும் நெறி எதற்காக என்பதை விளக்கும் நிகழ்வு இது.

சட்டமும் விசாரணையும்

அன்று நடைமுறையில் இருந்தது 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் புரிவோர் சட்டம். வக்கீலின் நடத்தையை அது இரு வழிகளில் அணுகியது.

முதல் வழி தொழிலில் நேரும் தவறு பற்றியது. கட்சிக்காரரை ஏமாற்றுவது, தரகர் வைத்து வழக்குப் பிடிப்பது போன்றவை இதில் அடங்கும். கீழ்நீதிமன்றத்தில் இத்தகைய புகார் எழுந்தால், குற்றச்சாட்டின் நகலும் விசாரணை நாளைக் குறிக்கும் அறிவிப்பும் அந்த வக்கீலுக்கு அனுப்பப்பட வேண்டும். விசாரணை நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே அவை அவர் கைக்குச் சேர வேண்டும். இருதரப்புச் சாட்சியத்தையும் நீதிபதி பதிவு செய்வார். குற்றம் நிலைநாட்டப்பட்டதாகக் கருதினால் காரணங்களை எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவார். விடுவிப்பதா, இடைநீக்குவதா, முற்றிலும் நீக்குவதா என்று உயர் நீதிமன்றமே முடிவு செய்யும்.

இரண்டாம் வழி குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கானது. வக்கீல் தொழிலுக்குத் தகாத குணக்கேட்டைக் காட்டும் குற்றத்துக்காக ஒருவர் தண்டிக்கப்பட்டால், உயர் நீதிமன்றம் அவரை இடைநீக்கலாம் அல்லது நீக்கலாம். இங்கே அடிப்படையாவது குற்ற வழக்கின் தீர்ப்பு. அந்தக் குற்றம் உண்மையிலேயே குணக்கேட்டைக் காட்டுகிறதா என்னும் கேள்வி தனியே எழுகிறது. அரசியல் குற்றங்களில் அந்தக் கேள்வியே முதன்மையானது.

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்னும் நெறி இங்கிலாந்திலும் பழையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் டாக்டர் பென்ட்லி என்னும் அறிஞரின் பட்டங்களை 1718-இல் பறித்தது. அவரை அழைத்து விசாரிக்கவில்லை என்பதால் 1723-இல் மன்னர் நீதிமன்றம் பட்டங்களைத் திருப்பியளிக்க உத்தரவிட்டது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமைத் தண்டிக்குமுன் கடவுளும் அவனை அழைத்துக் கேட்டார் என்று நீதிபதி ஒருவர் அவ்வழக்கில் எடுத்துக்காட்டினார்.

சன்னது பறிபோதல்

வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். பிளீடர் தேர்வில் தேறிய வ.உ.சி., ஒட்டப்பிடாரத்தில் தொழில் நடத்திய பின் 1900-இல் தூத்துக்குடிக்குச் சென்றார். ஏழைகளுக்காக வாதாடுபவர் என்று பெயர் பெற்றார். 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச் 12 அன்று சுப்பிரமணிய சிவாவுடன் கைதானார்.

திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தார். அரசநிந்தனைக்காக 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக 20 ஆண்டு என நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் இதை 6 ஆண்டுகளாகக் குறைத்தது. கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்த வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானார்.

இத்தண்டனையை ஒட்டி அவருடைய சன்னது பறிக்கப்பட்டது. செஷன்ஸ் நீதிமன்றம் விசாரித்தது அவருடைய மேடைப் பேச்சுகளையும் சிவாவுடனான தொடர்பையும்தான். கட்சிக்காரரிடம் அவர் நடந்துகொண்ட முறையோ, நீதிமன்றத்தில் காட்டிய நேர்மையோ அந்த வழக்கின் பொருள் அல்ல. ஆயினும் அதன் தீர்ப்பே அவருடைய தொழிலையும் முடித்துவைத்தது. சிறைத்தண்டனைக்கு ஆண்டுக் கணக்கு இருந்தது. சன்னது இழப்புக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

சன்னது இல்லாத ஆண்டுகள்

விடுதலையானபோது கப்பல் கம்பெனி அழிந்திருந்தது. கற்ற தொழிலைச் செய்ய வழியில்லை. சென்னையில் குடியேறிச் சிறு வியாபாரங்கள் செய்தார். பின்னர் கோயம்புத்தூரில் வங்கி ஒன்றில் பணியாற்றினார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்காகத் திரட்டிய தொகை காந்தியிடம் வந்திருந்தது. அதைப் பெறுவதற்காக 1915, 1916 ஆண்டுகளில் இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. 347 ரூபாய் 12 அணா பல மாதங்களுக்குப் பின் கைக்கு வந்தது. கப்பல் வாங்கப் பல லட்சம் ரூபாய் திரட்டிய ஒருவர் இத்தொகைக்காகக் காத்திருந்தார் என்பதிலிருந்து குடும்பத்தின் நிலையை அறியலாம்.

வ.உ.சி.க்கு மீண்டும் சன்னது கிடைக்க உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. நன்றியறிதலாகத் தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று வ.உ.சி. பெயரிட்டார். ஆங்கிலேயரின் கப்பல் வணிகத்தை எதிர்த்து நின்றவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைச் சைவப் பெயரைப்போல மாற்றி மகனுக்குச் சூட்டினார்.

கோவில்பட்டி

1920-களின் நடுப்பகுதியிலிருந்து 1932 வரை வ.உ.சி. கோவில்பட்டியில் வக்கீலாக இருந்தார். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிக் கரிசல் பகுதி அது. கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலிச் சாலையில் உள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் (இருவரும் 1923) அக்காலத்தில் சிறுவர்கள். மழை பொய்த்தால் கடன்பட வேண்டிய சிறு சம்சாரிகளே இவ்வட்டாரத்தில் மிகுதி. இங்கே வக்கீல் தொழில் பெரும் பொருள் தரக்கூடியதல்ல. வ.உ.சி. கடன் தொல்லையிலிருந்து மீளவில்லை. சட்டப் புத்தகங்களையே விற்று வாழ நேர்ந்தது. 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பி, அங்கேயே 1936-இல் மறைந்தார். உரிமம் திரும்பியது, இழந்த ஆண்டுகளும் கட்சிக்காரர்களும் திரும்பவில்லை.

இதே நிலை அடைந்த பிறர்

லண்டனில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்காக எழுதிய ஷியாம்ஜி கிருஷ்ணவர்மாவை 1909-இல் இன்னர் டெம்பிள் என்னும் பாரிஸ்டர் அமைப்பு நீக்கியது. காந்தி 1922 மார்ச்சில் அரசநிந்தனைக்காக 6 ஆண்டு தண்டனை பெற்றார். அவர் எரவாடா சிறையில் இருந்தபோது, நவம்பர் 10 அன்று அதே அமைப்பு அவர் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கியது. காந்தியின் பெயர் 1988-இலும் கிருஷ்ணவர்மாவின் பெயர் 2015-இலும் மீண்டும் சேர்க்கப்பட்டன. இருவரும் அப்போது உயிருடன் இல்லை.

பிற்கால மாற்றங்கள்

இன்று வழக்கறிஞர்கள் சட்டம், 1961 நடைமுறையில் உள்ளது. அதன் 35-ஆம் பிரிவின்படி நடத்தைக் குற்றச்சாட்டை மாநிலப் பார் கவுன்சிலின் மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கிறது. வழக்கறிஞருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பைக் கேட்ட பிறகே கண்டிக்கவோ, குறிப்பிட்ட காலம் இடைநீக்கவோ, பெயரை நீக்கவோ முடியும். முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் இந்தியப் பார் கவுன்சிலிடமும், அடுத்து உச்ச நீதிமன்றத்திலும் முறையிடலாம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் அத்தடை விடுதலையான 2 ஆண்டுகளில் நீங்கிவிடும்.

நீதிமன்றங்களின் நேரடி அதிகாரமும் வரையறுக்கப்பட்டது. நீதிமன்ற அவமதிப்புக்காக வி.சி. மிஸ்ரா என்ற வழக்கறிஞரை உச்ச நீதிமன்றம் 1995-இல் 3 ஆண்டு இடைநீக்கியது. அவமதிப்பு வழக்கிலேயே உரிமத்தைப் பறிக்க முடியாது, அது பார் கவுன்சில் தனியே விசாரிக்க வேண்டியது என்று 1998-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் வழக்கறிஞர்களைத் தானே தடைசெய்ய வகுத்த விதிகளையும் இக்காரணத்தாலேயே உச்ச நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்தது.

மதிப்பீடு

குற்றம் செய்தாரா என்பது ஒரு கேள்வி; தொழிலுக்குத் தகுதியற்றவரா என்பது வேறொரு கேள்வி. கட்சிக்காரரின் பணத்தைக் கையாடிய வக்கீலிடம் இரண்டுக்கும் விடை ஒன்றாகலாம். வ.உ.சி. போன்றவரிடம் அப்படி அல்ல. முதல் கேள்விக்கான விடையையே இரண்டாவதற்கும் எடுத்துக்கொள்ளும்போது உரிமப் பறிப்பு தொழில் ஒழுங்கைக் காப்பதாக இல்லாமல் கூடுதல் தண்டனையாக மாறுகிறது. இரண்டாம் கேள்வியைத் தனியே எழுப்பி, உரியவர் தரப்பைக் கேட்டு, தடைக்குக் கால எல்லையும் வகுப்பதே 1961-க்குப் பிந்தைய சட்டத்தின் பயன்.